கூட்டுத் துப்பாக்கி

ஏனுங் தம்பி, பாஸ்போர்ட் விசாரணைங்களா? அப்பச் சித்த இக்கட்டால நகந்து உக்காருங்க, அந்த மூலையில பெஞ்சுக் கால் ஆடும். இன்ஸ்பெக்டர் இன்னும் வல்லீங்க. ரைட்டர் உள்ளதான் இருக்கறாரு, அவரு வந்ததும் கூப்புடறேன்னாரு. நான் ஒம்பது மணிக்கே வந்துட்டனுங்க.

பையப் பாக்காதீங்க. அதுல ஒண்ணுமில்ல, துப்பாக்கிதான். அட, எங்க எந்திரிக்கறீங்க? உக்காருங்க தம்பி. உள்ள குண்டு இல்ல. லைசென்ஸ் இருக்குது, காட்டட்டுங்களா? மூணு வருசமா வச்சிருக்கேன், ஒரு கொசுவக்கூடச் சுட்டதில்ல. வாறப்ப கையோட எடுத்துட்டு வாங்கன்னு ரைட்டர் போன்ல சொன்னாரு, எடுத்துட்டு வந்தேன். மஞ்சப்பைதான் கைக்கு வாட்டமா இருந்துச்சு.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீக்கடை தெரியுதுங்களா? நேராப் பாக்காதீங்க, ஓரக்கண்ணுல பாருங்க. நீலக் கட்டம் போட்ட சட்டை, தோள்ல துண்டு. அவன் பேரு அர்த்தநாரி. எனக்குப் பங்காளி. எங்க தாத்தனும் அவங்க தாத்தனும் அண்ணந்தம்பி. அவன் இப்பத் துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டிருக்கான். அந்தப் பாரத்துல, யாரால உசுருக்கு ஆபத்துன்னு ஒரு கட்டம் இருக்கும். அதுல என்ற பேரை எழுதி வச்சிருக்கான் தம்பி! வையாபுரி, வயசு அம்பத்தெட்டு, மஞ்ச விவசாயம், கதவு நம்பர் மொதக்கொண்டு. ரேசன் கார்டுலயே என்ற வயசு தப்பா இருக்குது. அவன் கரெக்டா எழுதியிருக்கான். காரணம், தண்ணிப் பிரச்சினைன்னு போட்டிருக்கான். எங்களுக்குள்ள ஏது தண்ணிப் பிரச்சினை? பச்சைப் பொய்.

அதை விசாரிக்கத்தான் என்னையக் கூப்புட்டிருக்காங்க. ரைட்டர் தெளிவாச் சொல்லிட்டாரு. "ஆமா, எதிரிதான்"னு நான் சொன்னா அவனுக்கு லைசென்ஸ் கெடைச்சிரும், என்றது ரத்தாயிரும், இந்தப் பையை இங்கயே வச்சுட்டுப் போயிரோணும். "இல்ல, எங்களுக்குள்ள ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா அவன்ற மனு தள்ளுபடி. என்றது என்றகிட்டயே இருக்கும். நான் என்ன சொல்லப் போறேன்னு நெனைக்கறீங்க? ஒண்ணுமில்லைன்னுதான் சொல்லப் போறேன். அவன் எனக்கு உசுருங்க, ஒண்ணா மண்ணா வளந்தோம், எதிரியாவது ஒண்ணாவதுன்னு அழுத்திச் சொல்லிருவேன். அப்பத்தான் அவனுக்குப் புத்தி வரும்.

அவன்ற திமிரைச் சொன்னா நம்ப மாட்டீங்க. நாங்க பேசி மூணு வருசமாச்சு. தெனம் எங்க ஊரு டீக்கடைக்கு வருவான். ஒரு டீ வாங்குவான். பாதியக் குடிச்சுட்டு, பாதியக் கிளாஸோட பெஞ்சு மேல வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவான். தெனம்! நான் எதுத்த பெஞ்சுல உக்காந்திருக்கேன், என்ற கண்ணு முன்னாலயே. காசு கொழுத்துப் போச்சுன்னா அப்படித்தான் இருக்கும். முழு டீ குடிக்க முடியலைன்னா எதுக்கு வாங்கோணும்? நாயம் சொல்லுங்க.

அது கெடக்கட்டும். அவன் வாங்கப் போறது எதுன்னு கேளுங்க. புதுசா வந்திருக்கற குட்டி ரிவால்வர். டீக்கடைக்காரருகிட்டப் படம் காட்டியிருக்கான், அவரு எங்கிட்டச் சொல்லிட்டாரு. நான் மருமகன்கிட்டச் சொல்லி நெட்டுல எடுத்துப் பிரிண்டு போட்டாந்தேன். இந்தாங்க, பாருங்க. கலர் பிரிண்டு, பத்து ரூவா. பாக்கறதுக்கு லட்சணமாத்தான் இருக்குது. நான் இல்லைன்னு சொல்லல. ஆனா கணக்குப் போட்டுப் பாத்தா எடுபடாதுங்க.

என்றது ஆறு குண்டு புடிக்கும். இது அஞ்சுதான். என்றது ஏழு இஞ்சு நீளம், கையில புடிச்சா ஏதோ புடிச்சிருக்கோம்னு தெரியும். இது அஞ்சரை. உள்ளங்கையில வச்சா வெத்தலைப் பொட்டியான்னு கேப்பாங்க. எடை ஐநூத்தி இருவது கிராம்னு போட்டிருக்குது. என்றது எழுநூறு. நானே மஞ்ச மண்டித் தராசுல வச்சுப் பாத்தேன், எழுநூத்தி நாலு காட்டுச்சு. அந்த நாலு கிராம் சந்தனம். ஆயுத பூசைக்கு என்ற ஊட்டுக்காரி சம்பூர்ணம், டிராக்டரு, மருந்தடிக்கற ஸ்ப்ரேயரு, மம்பட்டி எல்லாத்துக்கும் பொட்டு வச்சவ, இதுக்கும் வச்சா. வெளிய வச்சாப் பரவால்ல, குண்டு வாற வாயிக்குள்ளயும் வெரல விட்டு வச்சுட்டா. இன்னும் ஈர்க்குச்சியில நோண்டிக்கிட்டு இருக்கேன்.

வெலையப் பாருங்க. என்றது வரியோட எம்பத்தெட்டாயிரம். இது ஒண்ணு நாப்பது. அம்பத்திரண்டாயிரம் சேத்திக் குடுத்து அவன் என்ன வாங்கறான்? நூத்தியெம்பது கிராம் கொறைய வாங்கறான். ஒரு குண்டு கொறைய, ஒண்ணரை இஞ்சு கொறைய. இல்லாத எடைக்குக் காசு குடுக்கறான் தம்பி! மண்டியில மஞ்ச எடை கொறைஞ்சா காசு கொறைப்பானா, ஏத்துவானா? முப்பது வருசம் மஞ்ச வித்தவனுக்கு இது தெரிய வேண்டாமா?

ஆனா ஒண்ணுங்க. வேட்டிக்கு லேசானதுதான் நல்லது. அதை நான் ஒத்துக்கறேன். உங்களையாட்டம் பேன்ட் போடறவங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியாது. எங்களுக்கு இந்தப் பச்சை பெல்ட்டுதான். எழுநூறு கிராமை இதுல சொருகிட்டு நடந்தா பெல்ட்டு எறங்கும், பெல்ட்டோட வேட்டியும் எறங்கும். வாங்குன புதுசுல சந்தைக்குப் போனேன். வெங்காயக் கடைக்காரிகிட்டப் பேரம் பேசிட்டுக் கையை ஓங்கினேன், சட்டுனு எல்லாமே எறங்கிருச்சு. நான் எதைப் புடிப்பேன்? வேட்டியப் புடிச்சா துப்பாக்கி கீழ உளுகும். துப்பாக்கியப் புடிச்சா மானம் போயிரும். துப்பாக்கியத்தான் புடிச்சேன், லட்ச ரூவாச் சாமானாச்சே. அந்தம்மா பேரம் பேசாம ரண்டு கிலோ வெங்காயத்தைச் சும்மாவே பையில போட்டுக் குடுத்து, போயிருங்கண்ணான்னு கும்பிட்டுச்சு. அர்த்தநாரி அக்கட்டால கத்திரிக்கா வாங்கிட்டு இருந்தான். பாத்துட்டான். சிரிக்கல. திரும்பி நின்னுக்கிட்டான். ஆனா தோளு ரண்டும் குலுங்குச்சு, நான் பாத்தேன்.

வாங்கலாம்னு பேசறப்பவே அவன் சொன்னான், லேசா ஒண்ணு வாங்கலாம் பங்காளின்னு. நான்தான், கையில எடுத்தா கனமா இருக்கோணும்னு புடிவாதம் புடிச்சேன்.

என்ன கேக்கறீங்க? ஆமாங்க, ரண்டு பேருந்தான் வாங்கினோம். சொல்லலையா? அது கூட்டுத் துப்பாக்கிங்க. எங்களுக்கு எல்லாமே கூட்டுதான். கெணறு கூட்டு. அதுல முறை உண்டு, மூணு நாள் அவன் காட்டுக்குத் தண்ணி பாயும், மூணு நாள் என்ற காட்டுக்கு. நாப்பது வருசமா ஒரு சொல்லு மாறுனதில்ல. டிராக்டரு கூட்டு. ஸ்ப்ரேயரு கூட்டு. பேப்பரு கூட்டு, மொதல்ல அவன் படிச்சுட்டு எனக்குக் குடுப்பான், அவன் படிக்கறப்பவே உரக்கப் படிக்கறதுனால நான் படிக்கவே வேண்டியதில்ல. டீ கூட ஒண்ணுதான் வாங்குவோம். ஒரே கிளாஸு. மேல் பாதி அவனுக்கு, அடிப் பாதி எனக்கு. அடியில சக்கரை தங்குமில்லீங்களா, எனக்கு அது புடிக்கும்.

அப்ப ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். அங்க ஒரு ரைஸ்மில்காரரு வந்தாரு. இடுப்புல, சட்டைக்கு வெளிய தெரியறாப்ல, ஒரு ரிவால்வரு. அடேங்கப்பா, அவருக்கு விட்ட வழியென்ன, மொதப் பந்தியில மொத எலையென்ன! பாயசம் ரண்டு தடவை ஊத்தினாங்க, அவரு கேக்காமலே. நாங்க ரண்டு பேரும் நாலாவது பந்திக்கு நின்னுட்டு இருந்தோம். அர்த்தநாரி என்னையப் பாத்தான், நான் அவனைப் பாத்தேன்.  மறுநாளு ரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரே பாரமா எழுதிக் கொண்டாந்து இங்க குடுத்தோம்.

அப்ப இருந்த இன்ஸ்பெக்டரு சிரிச்சாரு. "கூட்டெல்லாம் கெணத்துக்குத்தான்யா. லைசென்ஸ் ஒருத்தர் பேருலதான். சரி, உங்களுக்கு யாரால ஆபத்து?"ன்னாரு.  யோசிச்சுப் பாக்கறேன், ஒருத்தன் கெடைக்கல. அம்பத்திநாலு வயசுல ஒரு எதிரிகூட இல்லைன்னா எவ்வளவு அசிங்கம் பாருங்க. "எதிரி இல்லாதவனுக்கு எதுக்குய்யா துப்பாக்கி? போயி ஒரு எதிரியோட வா"ன்னு தாட்டி விட்டுட்டாரு.

ஊருல யாரைக் கேக்கறது? எனக்கு எதிரியா இருங்கன்னு போயி கேட்டா, கேட்ட பெறகு அவன் நெசமாவே எதிரியாயிருவான். கடைசியில அர்த்தநாரிதான் சொன்னான். "ஏம் பங்காளி, வெளிய எதுக்குத் தேடறோம்? ஒருத்தன் பேருல லைசென்ஸு. இன்னொருத்தன் எதிரி." நல்ல ரோசனையா இருந்துச்சு. ஆனா யாரு துப்பாக்கி, யாரு எதிரி? அதுக்குக் கோயில்ல பூக் கேட்டோம். உங்களுக்குத் தெரியுமில்ல, வெள்ளைப் பூவும் செவப்பரளியும் தனித்தனியா எலையில மடிச்சுச் சாமி முன்னால வச்சா, பூசாரி கண்ண மூடிட்டு ஒண்ணை எடுப்பாரு. வெள்ளை வந்தா துப்பாக்கி எனக்கு, செவப்பு வந்தா அவனுக்கு. வெள்ளை வந்துருச்சு. லைசென்ஸு மூணு வருசத்துக்கு, மூணு வருசம் கழிச்சு முறை மாத்திக்கலாம்னு பேச்சு. கெணத்து முறையாட்டமே. பூசாரி, "பொண்ணு பாக்கவாப்பா கேக்கறீங்க?"ன்னாரு. ஆமாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டோம்.

அப்பறம் அவனை இங்க கூட்டியாந்தேன். இதே பெஞ்சுலதான் உக்கார வச்சேன். உள்ள கூப்புட்டு இன்ஸ்பெக்டர் கேட்டாரு, "இவரை நீ வெட்டுவேன்னு சொன்னியா?" அர்த்தநாரி மீசையத் தடவிக்கிட்டு, "சொன்னனுங்க. வெட்டுவேன்"ன்னான். என்ன குரலு தம்பி! நானே ரண்டடி தள்ளி நின்னுக்கிட்டேன். "எதுக்கு வெட்டுவே?"ன்னாரு. அங்கதான் மாட்டிக்கிட்டோம். காரணத்தைப் பத்தி நாங்க பேசி வக்கவே இல்ல. அவன் மேல பாத்தான், கீழ பாத்தான், கடைசியில, "டீயில அடிச் சக்கரைய எப்பவும் இவனே குடிச்சுப் போடறானுங்க"ன்னான். இன்ஸ்பெக்டரு அவனை ஒரு மாதிரியாப் பாத்துட்டு, தண்ணிப் பிரச்சினைன்னு எழுதிக்கிட்டாரு.

நாங்க நெனச்சது அதோட முடிஞ்சுதுன்னு. முடியலீங்க. வெட்டுவேன்னு வாயால சொன்னவனைச் சும்மா விடுவாங்களா? ஒரு வருசத்துக்கு நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கி, திங்கக்கெழமை தவறாம வந்து கையெழுத்துப் போடச் சொல்லிட்டாங்க. அவன்கிட்ட வண்டி இல்ல, நான்தான் என்ற டிவிஎஸ்ஸுல பின்னால உக்கார வச்சுக் கூட்டியாருவேன். எதிரி கையெழுத்துப் போட்டுட்டு வார வரைக்கும் வெளிய காத்துக்கிட்டு இருப்பேன். அப்பறம் ரண்டு பேரும் இந்த எதுத்த டீக்கடையில ஒரு டீ. நாலாவது வாரம் இன்ஸ்பெக்டரு சன்னல்ல பாத்துட்டாரு. ரண்டு பேரையும் நிக்க வச்சு, "இனி நீங்க ரண்டு பேரும் ஒண்ணாத் திரியறதைப் பாத்தேன், லைசென்ஸும் கெடையாது, பொய்த் தகவல் குடுத்ததுக்கு உள்ள தள்ளிருவேன்"ன்னு கத்தினாரு.

அன்னிலிருந்து பேச்சை நிறுத்தினோம். லைசென்ஸு வார வரைக்குந்தான்னு பேச்சு. அவன் திங்கக்கெழமை பஸ்ஸுல போனான். ஊரு டீக்கடையில அவன் ஒரு பெஞ்சு, நான் ஒரு பெஞ்சு. வழியில பாத்தா மொகத்தைத் திருப்பிக்குவோம், திருப்பிட்டு ரண்டு பேரும் சிரிச்சுக்குவோம். பதினோரு மாசம் அப்படி ஓட்டினோம் தம்பி. எதிரியா நடிக்கறது லேசுன்னு நெனைக்காதீங்க, தோட்டத்துல மாடு கன்னு போட்டதைக்கூடச் சொல்ல முடியல.

துப்பாக்கி வந்துச்சு. அன்னிக்குச் சாயங்காலமே அர்த்தநாரி என்ற ஊட்டுக்கு வந்துட்டான். வாசத் தொட்டியில கையக் கழுவினான். துண்டுல தொடச்சான். ரண்டு கையையும் சேத்தி நீட்டிக்கிட்டு, கோயில்ல தீர்த்தம் வாங்கறாப்ல, "எங்க, குடு பங்காளி பாக்கலாம்"ன்னான்.

நான் பீரோ சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன். "பங்காளி, லைசென்ஸு என்ற பேருல இருக்குது. அடுத்தவங்க தொடக்கூடாதுன்னு சட்டம். அதுலயும் நீ எதிரி"ன்னேன்.

அவன் சிரிச்சான். நான் சிரிக்கல. அப்பறம் அவனும் நிறுத்திட்டான். நீட்டுன கையைத் திருப்பித் துண்டுல தொடச்சுக்கிட்டான், ஏற்கனவே தொடச்ச கைதான். "சரிங்க"ன்னான். அம்பது வருசத்துல அவன் என்னைய "ங்க" போட்டுப் பேசுனது அன்னிக்கு ஒரு நாளுதான் தம்பி. அவன் போட்ட பாதிக் காசை அடுத்த நாளே குடுத்து அனுப்பினேன், வாங்கல, திருப்பி அனுப்பிட்டான். நான் என்ன தப்பாச் சொன்னேன்? நான் சட்டத்தைத்தான் சொன்னேன்.

சரி, துப்பாக்கியால என்ன சாதிச்சீங்கன்னு கேப்பீங்க. நெறைய இருக்குது. எலெக்சன் வந்தா எல்லாத் துப்பாக்கியையும் ஸ்டேசன்ல குடுத்துரோணும். மூணு வருசத்துல ரண்டு எலெக்சன், ரிசல்ட்டு வந்து திருப்பி வாங்கறதுக்கு நடந்தது வேற. பாதி நாளு அது இங்கதான் பத்திரமா இருந்துச்சு. மீதி நாளு பீரோவுல. கோயிலுக்குள்ள கொண்டு போகக்கூடாது, ஆஸ்பத்திரிக்குள்ள கூடாது, பஸ்ஸுல போனா பக்கத்துல ஒருத்தரும் உக்கார மாட்டாங்க, அது ஒண்ணு சௌகரியம். ஒரு தடவை மஞ்ச வித்த காசோட, யாராவது வழி மறிக்கட்டும்னு பட்டப்பகல்ல வேணும்னே மெதுவா நடந்து பாத்தேன். ஒருத்தன் வண்டிய நிறுத்தினான். நான் இடுப்புல கைய வச்சேன். "லிப்ட் வேணுங்களா?"ன்னு கேட்டான். உண்மையச் சொல்லட்டுங்களா? இது வெடிச்சா எனக்குப் பயம். லட்சுமி வெடிக்கே காதைப் பொத்திக்கற ஆளு நான்.

மொதப் பந்தியா? கேளுங்க அந்தக் கூத்தை. போன வைகாசியில ஒரு கல்யாணம். சட்டைக்கு வெளிய தெரியறாப்ல சொருகிட்டுப் போறேன். மண்டபத்துக்காரரு ஓடியாந்து, "அய்யா, இதை உள்ள கொண்டு போகக்கூடாது, கார்ல வச்சுட்டு வந்துருங்க"ன்னாரு. எங்கிட்ட ஏது காரு? டிவிஎஸ் பெட்டியில வச்சுட்டுப் போக முடியுமா? வேப்பமரத்தடியில துப்பாக்கிய மடியில வச்சுட்டு, துப்பாக்கிக்கு நான் காவல் இருந்தேன். சம்பூர்ணம் மொதப் பந்தி. அர்த்தநாரி மொதப் பந்தி. எனக்குக் கடைசியில ரசமும் மோரும். நடுவுல ஒரு ஆளு மட்டும் எலையில மடிச்சு நாலு மைசூர்பாகு கொண்டாந்து குடுத்துட்டுப் போனான். யாரு குடுத்தாங்கன்னு கேட்டா, "எலையில வச்சதை அவரு திங்காம அப்படியே மடிச்சுக் குடுத்தாருங்க"ன்னு சொல்றான், யாருன்னு சொல்லல. மண்டபத்துக்காரரா இருக்கும். மனசு கேட்டிருக்காது.

அர்த்தநாரி பண்ணுன அத்துமீறலைக் கேளுங்க. போன புரட்டாசியில சம்பூர்ணத்துக்கு ஆபரேசன். பன்னண்டு நாளு ஆஸ்பத்திரியிலயே கெடந்தேன். என்ற முறைக்குத் தண்ணி கட்ட ஆளில்ல. மழையும் இல்ல. மஞ்ச போச்சுன்னு நெனச்சுட்டு வந்து பாத்தா, காடு பச்சைப் பசேல்னு நிக்குது. சேத்துல கால் தடம். எடது கால் சாஞ்ச தடம், அவன்றதுதான். அவன் சின்னதுல மரத்துலருந்து உளுந்ததுலருந்து அப்படித்தான் நடப்பான். அதாவது கேக்காம கொள்ளாம, நாலு தடவை என்ற காட்டுக்குள்ள பூந்திருக்கான்! இதை ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கோணும்னு சம்பூர்ணத்துகிட்டச் சொன்னேன். படுத்துக்கிட்டே அவ, "எழுதுங்க. அப்படியே தண்ணி கட்டுன கூலி எவ்வளவுன்னும் எழுதுங்க. எழுதிட்டு வந்து எனக்குச் சோறு போடுங்க"ன்னா. அவளுக்குச் சட்டம் தெரியாது.

இப்ப அவனுக்கு எதுக்குங்க துப்பாக்கி? போன மாசம் என்ற லைசென்ஸு முடியப் போகுதுன்னு புதுப்பிக்க எழுதிக் குடுத்தேன். அடுத்த வாரமே அவன் புதுசாக் கேட்டு எழுதிக் குடுத்திருக்கான். எனக்குப் போட்டி. அதுலயும் என்னையவே எதிரின்னு. வேற ஆளே கெடைக்கலையா அவனுக்கு?

என்ன? சத்தமாச் சொல்லுங்க தம்பி, பஸ் ஆரனடிக்கறான்.

மூணு வருசமா? ஆமாங்க, மூணு வருசந்தான் பேச்சு. அதுக்கென்ன?

துப்பாக்கி ஆடியில வந்துச்சு. ஆடிக்கு ஆடி ஒண்ணு. ரண்டு. மூணு.

முடிஞ்சுதான் போச்சு.

அட, சித்த இருங்க. அவன் தண்ணிப் பிரச்சினைன்னு எழுதியிருக்கான். அது அவன் சொன்னதில்லீங்க, அந்த இன்ஸ்பெக்டரு எழுதினது. அதையே அப்படியே எழுதியிருக்கான். எனக்குச் செரமம் இருக்கக் கூடாதுன்னு. நான் காரணம் யோசிச்சு மாட்டிக்கக் கூடாதுன்னு. முறை மாத்தியிருக்கான் தம்பி! அவன் சண்டைக்கு வல்ல. பேசுன பேச்சுப்படி, மூணு வருசம் எதிரியா இருந்து முடிச்சுட்டு, இப்ப என்ற முறைன்னு எழுதிக் குடுத்திருக்கான். நான்தான் கூட்டுத் துப்பாக்கிய என்ற துப்பாக்கின்னு பீரோவுல பூட்டி வச்சுட்டேன். கெணத்துல ஒரு நாளு சேத்தி ஓட்டுனா ஊரே காறித் துப்பும். நான் மூணு வருசத்துக்கு மேலயும் எழுதிக் குடுத்திருக்கேன். எனக்குப் போயி நெஞ்சுல ஈரமில்லாமப் போச்சு பாருங்க. அவன் கையக் கழுவிட்டு வந்து நின்னானே தம்பி.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி.

அந்தப் பிரிண்டைக் குடுங்க இங்க. ஒண்ணு நாப்பதுல பாதி எழுவது. அதை நான் குடுக்கோணும், கூட்டுன்னா கூட்டுதான். இந்தப் பைக்குள்ள இருக்கற இரும்பை ஸ்டேசன்லயே வச்சுக்கட்டும். அஞ்சு குண்டு போதுங்க, ஆறை வச்சு நான் என்னத்தைக் கிழிச்சேன்? எடையும் ஐநூத்தி இருவதுதான் சரி. அவனுக்குக் கால் வேற சாஞ்ச கால், கனமானது ஆகாது. நல்ல சாமானாத்தான் பாத்து எடுத்திருக்கான். வெலையும் ஒண்ணும் தப்பில்லீங்க.

அந்தா, இன்ஸ்பெக்டர் ஜீப் வந்துருச்சு. ரைட்டர் என்ற பேரைச் சொல்றாரு பாருங்க. வாறனுங்க! வெட்டுவீங்களான்னு கேட்டா, வெட்டுவேன்னு சொல்லோணும். நல்லாச் சொல்லோணும், அவன் சொன்ன மாதிரி. எனக்கு மீசை வேற இல்ல. திங்கக்கெழமை கையெழுத்துக்கு வாறப்ப வண்டிய ரண்டு தெரு தள்ளி நிறுத்திக்கலாம், போன தடவை அதுலதான் கோட்டை விட்டோம்.

தம்பி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், ஒரு ஒதவி. ரோட்டைத் தாண்டிப் போங்க. அவன் இன்னிக்கும் பாதியக் குடிச்சுட்டுப் பாதிய வச்சிருக்கான், இன்னிக்கு எந்திரிச்சுப் போகாம பக்கத்துலயே உக்காந்திருக்கான் பாருங்க. அவன்கிட்ட நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். டீக்கடைக்காரருகிட்ட மட்டும் சொல்லுங்க, எதிரி கையெழுத்துப் போட்டுட்டு அஞ்சு நிமிசத்துல வந்துருவாரு, அந்தக் கிளாஸை எடுத்துர வேண்டாம்னு.